படத்தை விற்போம், முகத்தை விற்க வேண்டாம்



பொங்கலுக்கு முன்னால் நம் பள்ளியில் ஓவிய விற்பனை ஒன்று நடத்தி, அதில் வருகிற பணத்தைப் படிப்பு உதவித்தொகையாகக் கொடுக்கலாமா என்று ரெண்டு வாரமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். "படிக்கிற நேரத்துல படம் வரைஞ்சு விக்கிறதா?" என்று பத்தாம் வகுப்பு அண்ணன்கள் சிரிக்கிறார்கள். சில பேர் எதுவும் சொல்லாமல் இருக்கிறார்கள். அவங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் யோசனை.

என் கருத்து இதுதான். நடத்தலாம், கட்டாயம் நடத்தலாம். ஆனால் ஒரு நிபந்தனை. யாருக்கு அந்தப் பணம் போகிறதோ அவங்க பெயரும் முகமும் வெளியே தெரியக் கூடாது. பேனரில் வேண்டாம், மேடையில் வேண்டாம், போன் ஸ்டேட்டஸில் வேண்டவே வேண்டாம். இதை ஒத்துக்கிட்டால் நான் வரைவேன். இல்லை என்றால் என் பெயரைப் பட்டியலில் எழுத வேண்டாம்.

"அரசாங்கம்தான் எல்லாம் கொடுக்குதே, நாம எதுக்குத் தனியா?" என்று ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்விதான். புத்தகம், நோட்டு, சீருடை, பஸ் பாஸ் எல்லாம் கிடைக்கிறது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றால் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதற்குத் தமிழ்நாடு முழுவதற்கும் 6,695 இடம். நம் ஒன்பதாம் வகுப்புக்காரர்கள் எழுதுகிற ஊரகத் திறனாய்வுத் தேர்வில் ஒரு மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர், ஆண்டுக்கு 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்து படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் அக்கா முறை ஆகிறவங்க ரெண்டு பேர் அந்தப் பணத்தில்தான் கல்லூரிக்குப் போனார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தப் பணம் எல்லாம் சேர்ந்த பிறகு வருகிற பணம். சேருவதற்கு முன்னால் ஆகிற செலவு யார் கணக்கிலும் இல்லை. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும். சான்றுக்கு 60 ரூபாய். ஒருநாளில் முடியாது, ரெண்டு மூன்று நடை ஆகும். அப்பா கூட வந்தால் அவருடைய ஒருநாள் கூலி போச்சு. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும், பொறியியல் கலந்தாய்வுக்கு 500 ரூபாயும் கட்டினதாக அக்காக்கள் சொன்னார்கள். பெரியவங்களுக்கு இது சின்னப் பணம். மே மாதத்தில், கையில் ஒன்றும் இல்லாத வீட்டில், இது சின்னப் பணம் இல்லை.

நம்ம ஊரில் இதைச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையே இல்லை. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய்ப் பார்த்தால் தெரியும். 2023 ஜூலையில் ஒரு கிலோ 100 ரூபாய்க்கு மேல் போச்சு. வேறொரு மாதம் பறிக்கிற கூலி கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அது அதே தோட்டம்தான், அதே வீடுதான். வருமானச் சான்றில் ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு எண்தான் இருக்கும். விண்ணப்பக் கடைசி நாள் அன்றைக்குத் தக்காளி என்ன விலை விற்றது என்று அதில் எழுத இடமில்லை. கடைசி நாள் தாண்டிவிட்டால், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார்கள். பையன்களுக்கு அடுத்த வருஷம் என்றால் பெங்களூரோ திருப்பூரோ. பெண்களுக்கு அடுத்த வருஷம் என்றால் என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. 1098 என்ற எண்ணை ஏன் பள்ளிச் சுவரிலேயே எழுதி வைக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதனால்தான் விற்பனை பொங்கலுக்கு முன்னால் நடக்க வேண்டும் என்கிறேன். தை மாதம் சேர்கிற பணம் மே மாதம் தயாராக இருக்கும். ஆகஸ்ட் 15-ல் கொடுத்தால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் தேவைப்பட்ட பிள்ளை அதற்குள் வேலைக்குப் போயிருக்கும்.

சரி, "நம்ம படத்தை யாரு வாங்குவா?" என்கிறீர்கள்.

சென்னை அரசு ஓவியப் பள்ளியில் 1957-ல் இருந்து முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். படித்து முடித்த ஓவியர்கள் சோற்றுக்கு என்ன செய்வது என்று அப்போதும் இதே கேள்விதான். படம் மட்டும் வரைந்தால் வாங்க ஆள் இல்லை. அவர்கள் பாத்திக் துணி போட்டார்கள், அதாவது மெழுகு தடவிச் சாயம் ஏற்றுகிற துணி. கைவினைப் பொருள் செய்து விற்றார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரை ஓரமாக நிலம் வாங்கி 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் இருக்கிறது. இதில் நமக்கு என்ன பாடம் என்றால், ஜனங்களுக்குப் பயன்படுகிற பொருளாகச் செய்தால் வாங்குவார்கள். சுவரில் மாட்டுகிற படம் நம்ம ஊரில் எத்தனை வீட்டில் வாங்குவாங்க? சாமி படமும் காலண்டரும் தவிர வேறு எதுக்கும் ஆணி அடிக்க மாட்டாங்க!

அதனால் பொங்கல் வாழ்த்து அட்டை செய்யலாம். எங்க அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடையில் கயிறு கட்டித் தொங்க விடுவார்களாம். 50 பைசா, ஒரு ரூபாய். தபாலில் வந்த அட்டைகளை எங்க பாட்டி இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறது. இப்போது எல்லாம் போனில் வருகிற படம்தான், காலையில் வந்து மாலையில் அழித்துவிடுகிறோம். கையால் வரைந்த அட்டையைக் கொடுத்தால் யாரும் குப்பையில் போட மாட்டாங்க. ஒரு சார்ட் பேப்பரை எட்டாக வெட்டலாம். அட்டை 10 ரூபாய். அதோடு பொங்கல் பானை. மண்பானையைக் குயவர் வீட்டில் வாங்கிக் கழுத்துக்குக் கீழே கோலம் போட்டுக் கொடுக்கலாம். (எனாமல் பெயின்ட் வேண்டாம், அடுப்பில் வைத்தால் நாறும். சுண்ணாம்பும் காவியும் போதும்.) 300 அட்டை விற்றால் 3,000 ரூபாய். 30 பானை விற்று ஒன்றுக்கு 40 ரூபாய் மிஞ்சினால் 1,200. பேப்பர், கலர், பசை 700 போனால் 3,500 ரூபாய் கையில் நிற்கும். கலைக் கல்லூரி விண்ணப்பம் என்றால் எழுபது பேருக்குக் கட்டலாம். கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும் அண்ணன்கள்.

வரைய ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் கலைத் திருவிழா ஆரம்பித்ததில் இருந்து நாம் எவ்வளவு வரைந்திருக்கிறோம், எவ்வளவு களிமண் பிசைந்திருக்கிறோம்! போட்டி முடிந்ததும் பரிசு வாங்கினது மட்டும் மேலே போகும். மற்றதெல்லாம் பீரோ மேல். கரையானுக்கு அந்தப் படங்கள் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று ஓவிய ஆசிரியரே வருத்தத்தோடு சொன்னார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

போன வாரம் ஒரு அண்ணன் மாதிரிக்கு ஒரு பேனர் படம் வரைந்து காட்டினார். கிழிந்த பாவாடை, எண்ணெய் இல்லாத தலை, கண்ணில் ரெண்டு சொட்டுத் தண்ணீர், கையில் ஸ்லேட். கீழே 'இந்த ஏழைச் சிறுமிக்கு உதவுங்கள்'. அண்ணன் நன்றாக வரைவார், அதில் சந்தேகம் இல்லை. "இப்படிப் போட்டாத்தான் மனசு இளகி வாங்குவாங்க" என்றார். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் வேறொரு அக்கா ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு விழா. யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். அந்த அக்காவுக்கு 2,000 ரூபாய் உதவி. மேடைக்குப் பின்னால் பேனரில் 'ஏழை மாணவிக்குக் கல்வி உதவி' என்று பெரிய எழுத்து. காசோலையைக் கையில் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். அப்புறம் தாமதமாக ஒரு விருந்தினர் வந்தார், திரும்பவும் கொடுத்தார்கள். பிறகு இன்னொருவர் வந்தார், மூன்றாவது முறை. அக்கா மூன்று முறையும் சிரித்தாங்க. அன்றைக்கு ராத்திரியே அந்தப் போட்டோ எல்லார் போனிலும் வந்துவிட்டது. மறுநாளில் இருந்து பையன்கள் அவங்களைக் கூப்பிட்ட பேரு என்ன தெரியுமா? 'ஏழை மாணவி.' பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. கடைத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தவங்க, அப்புறம் ஏரிக்கரை வழியாகச் சுற்றி வர ஆரம்பித்தாங்க. பணம் செலவாகி ஒரு மாதத்தில் தீர்ந்தது. பேர் மட்டும் படிப்பு முடிகிற வரைக்கும் தீரவில்லை.

உதவி செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கொடுத்த பணம் நல்ல பணம்தான். ஆனால் அதற்கு அந்த அக்கா கொடுத்த விலையை யாரும் ரசீதில் எழுதவில்லை. அந்த விழாவுக்குப் பிறகு, தேவை இருந்தும் உதவிக்குப் பெயர் கொடுக்காத ரெண்டு பேரை எனக்குத் தெரியும். முதலில் சொன்னேனே, எதுவும் சொல்லாமல் இருக்கிறவங்க என்று. அவங்க ஏன் பேசாமல் இருக்கிறாங்க என்று இப்போது புரிகிறதா? பேனரில் வரப்போகிறது தங்கள் முகமாக இருக்குமோ என்ற பயம்தான்.

திருவள்ளுவர் ஈகைக்கு ஒரு அதிகாரம் எழுதினார், நமக்கு மனப்பாடப் பகுதி. அதே வள்ளுவர் இரவச்சம் என்று இன்னொரு அதிகாரமும் எழுதி இருக்கிறார். கை நீட்டுவதற்குப் பயப்படுகிற மனசைப் பற்றி. கொடுக்கிறவனுக்கு மட்டும் இல்லை, வாங்குகிறவனுக்கும் மனசு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரக்கப்பட வைத்தால்தான் விற்கும் என்பதும் உண்மை இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு செக்கோஸ்லோவாகியா நாட்டில் (இப்போது அது ரெண்டு நாடாகப் பிரிந்துவிட்டது) ஒரு கிராமத்துப் பிள்ளைகளுக்கு யுனிசெஃப் உதவி செய்தது. அந்தக் கிராமத்தில் யிட்கா சாம்கோவா என்று ஏழு வயதுப் பெண். நன்றி சொல்லப் படம் வரைய நினைத்தாள், காகிதம் கிடைக்கவில்லை. கண்ணாடித் துண்டின் மேல் வரைந்தாள். 1949-ல் அந்தப் படம்தான் யுனிசெஃப்பின் முதல் வாழ்த்து அட்டை ஆனது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், எத்தனையோ நாட்டில் அட்டை விற்றுப் பிள்ளைகளுக்காகப் பணம் சேர்த்தார்கள். அந்தப் படத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். உதவி வாங்கின பெண்தான் அவள், ஆனால் அட்டையில் அவளுடைய பசியைப் போடவில்லை. அவள் சந்தோஷத்தை அவளே வரைந்து கொடுத்தாள். வாங்கினவங்க அந்தப் படம் நன்றாக இருக்கிறது என்று வாங்கினாங்க.

நம் நாட்டிலும் உண்டு. 1979-ல் மும்பையில் ரிப்பன் கபூர் என்பவர் தன் நண்பர்களோடு 50 ரூபாயை வைத்துக்கொண்டு 'கிரை' என்ற அமைப்பை ஆரம்பித்தார். விமானத்தில் வேலை பார்த்தவர். அவர்களும் வாழ்த்து அட்டை விற்றுத்தான் வளர்ந்தார்கள். அந்தப் பெயரில் முதலில் 'குழந்தைகளுக்கு நிவாரணம்' என்ற அர்த்தம் இருந்தது. பிறகு அதையே 'குழந்தைகள் உரிமை' என்ற அர்த்தம் வரும்படி மாற்றினார்கள். எழுத்து மூன்றும் அதே எழுத்துதான். நிவாரணம் என்றால் கும்பிட்டு வாங்க வேண்டும். உரிமை என்றால் நிமிர்ந்து வாங்கலாம். நம் பேனரில் எந்த வார்த்தை வர வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதனால் பேனரில் அழுகிற பெண் வேண்டாம். விடியற்கால மார்க்கெட்டை வரையலாம். கரும்பு ஏற்றிய வண்டி, சின்னாறு அணை, நம் மாவட்டத்து நடுகல், முறத்தில் ராகி புடைக்கிற பாட்டி, என்ன வேண்டுமானாலும் வரையலாம். அந்த அண்ணனுக்கு பாட்டி நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

"பேரே தெரியாம பணம் கொடுத்தா ஏமாத்து நடக்காதா?" என்று கேட்பீர்கள். வகுப்பில் ஏற்கெனவே கேட்டாச்சு. தெருக்கூத்தில் பார்த்திருப்பீர்கள். ஆட்டத்துக்கு நடுவில் யாராவது பணம் கொடுத்தால், கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்று ஊர் கேட்கச் சொல்வார். கல்யாணத்தில் மொய் நோட்டும் அப்படித்தான். கொடுத்தவர் பெயரை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சொல்லலாம், அவருக்கும் சந்தோஷம். அதே மாதிரி யார் எத்தனை அட்டை வாங்கினார்கள், எவ்வளவு செலவு, எவ்வளவு மீதி என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி இதே சுவரில் ஒட்டுவோம். கொடுத்த பக்கத்தில் மட்டும் 'விண்ணப்பக் கட்டணம், 50 ரூபாய், இந்தத் தேதி' என்று இருக்கும். பெயர் இருக்காது. யார் என்பது தலைமையாசிரியருக்கும், வகுப்பு ஆசிரியருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மா ஒருவருக்கும் தெரிந்தால் போதும். மூன்று பேர் கையெழுத்துப் போடட்டும். மூன்று பேரையும் நம்ப முடியாது என்றால் முப்பது பேர் போட்டோ பார்த்தாலும் நம்ப முடியாதுதான்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் எனக்கும் கணக்கு ஆசிரியருக்கும் கருத்து வேறுபாடு. மார்க் பார்த்துக் கொடுத்தால் தகராறு வராது, எண் தெளிவாக இருக்கும் என்று அவர் சொல்கிறார். ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. மார்க் எடுக்கிறவங்களுக்கு ஏற்கெனவே தேர்வு இருக்கிறது, அதில் பணம் வருகிறது. நல்ல மார்க் எடுத்தால் நாலு பேர் தேடி வந்து உதவுவாங்க. 55 மார்க் எடுக்கிற பிள்ளையைத் தேடி யாரும் வருவதில்லை. காலையில் மார்க்கெட்டில் கிரேடு இறக்கிவிட்டு முதல் பீரியடுக்கு வருகிறவன் எடுக்கிற 55, என் கணக்கில் 80-க்குச் சமம். நம்ம பணம் ரொம்பச் சின்னப் பணம். அதை வைத்து இன்னொரு பரிசளிப்பு விழா நடத்த வேண்டாம். யாருக்கு அந்த வாரம் கட்ட முடியவில்லையோ அவங்களுக்குக் கொடுப்போம். இது என் கருத்து. ஆசிரியர் தன் கருத்தை அடுத்த இதழில் எழுதுவதாகச் சொல்லி இருக்கிறார், எழுதட்டும்.

இன்னொன்று. உதவி வாங்கப் போகிறவங்களும் வரைய வேண்டும். யார் வாங்கப் போகிறவங்க, யார் கொடுக்கிறவங்க என்றே தெரியாமல் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அட்டை வெட்டுவோம். வரையத் தெரியாதவங்க கோடு போடலாம், பசை தடவலாம், பானைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம்.

சேர விரும்புகிறவர்கள் மார்கழி பிறப்பதற்குள் ஓவிய ஆசிரியரிடம் பெயர் கொடுக்கவும். வீட்டில் பழைய பிரஷ், மீதி இருக்கிற கலர், ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற கெட்டி அட்டை இருந்தால் கொண்டு வரவும். கல்யாணப் பத்திரிகை அட்டை நன்றாக இருக்கும், ஆனால் மினுமினுப்பாக இருக்கிறதில் கலர் ஒட்டாது. பானைக்கு வைக்கோல் வேண்டும். வீட்டில் மாடு இருக்கிறவங்க ஒரு கட்டு கொடுங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி